ட்ரா என்ற சொல்லும் ஓர் ஓணக் கயிறும்

திருவனந்தபுரத்தில் மழை வந்தால் பஸ்ஸுக்குள் இருட்டிவிடும். காரைக்காலில் இருந்து இதை வாசிப்பவர்கள் நம்ப மாட்டீர்கள். இங்கே பழைய பஸ்களின் ஜன்னலில் கண்ணாடி கிடையாது. கனத்த தார்ப்பாய்த் திரை ஒன்றை மேலே சுருட்டிக் கட்டியிருப்பார்கள். அதற்கு ஷட்டர் என்று பெயர். முதல் துளி விழுந்ததும் யாரும் யாருக்கும் சொல்லாமலே பஸ் முழுக்கக் கைகள் மேலே போகும், சடசடவென்று திரைகள் இறங்கும். பட்டப்பகலில் அத்தனை பேரும் சினிமாக் கொட்டகையில் இருப்பதுபோல இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே எந்த இடம் என்று தெரியாமலே சரியாகத் தங்கள் நிறுத்தத்தில் எழுந்து இறங்கியும் போவார்கள். அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நான் வந்த புதிதில் ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மடியில் மீன் பையோடு ஓர் அம்மா. "மோளே, ஷட்டர் தாழ்த்து" என்றார். எந்த வாரை இழுப்பது என்று தெரியாமல் கையில் அகப்பட்டதை இழுத்தேன். சுருளில் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் அவர் மடியில் கொட்டியது. அவர் கோபிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார். காரைக்கால் என்றேன். தமிழ்நாடுதானே என்றார். இல்லை, அது புதுச்சேரி, ஆனால் புதுச்சேரியோடு ஒட்டாது, சுற்றிலும் தமிழ்நாடு, முன்பு பிரெஞ்சுக்காரர்கள் என்று நான் விளக்கிக்கொண்டே போக, அவருடைய நிறுத்தம் வந்துவிட்டது. "தமிழ் தன்னே", அதாவது தமிழ்தான், என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மீன் பையை உதறிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதே பஸ்ஸில், சென்ற ஓணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, அதே மாதிரி மழை. எல்லாக் கைகளும் மேலே போன அந்த நொடியில் நான் இருக்கையிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ கடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கடிக்கவில்லை, கிடைத்துவிட்டது. பல நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் என் கண்முன்னால் ஒரு பஸ் அளவுக்கு விரிந்துகொண்டிருந்தது. ட்ரா என்ற ஆங்கிலச் சொல், திரையை இழுத்து மூடுவது என்ற பொருளில். பிரெஞ்சில் திரே. மழை வந்தது, பஸ்ஸில் இருந்த அனைவரும் திரைகளை இழுத்து மூடினார்கள். ஒரு சொல்லுக்காகப் பொது இடத்தில் இப்படித் துள்ளுகிறவள் யார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் நஸீமா. கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஆங்கில-பிரெஞ்சு அகராதி செய்கிறேன். கனடா போகப்போகும் நர்ஸுகளுக்கும், பிரான்ஸில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் கைப்பேசியில் ஓர் அகராதி வேண்டும் என்று பாரிஸில் ஒரு பதிப்பகம் நினைத்தது. அந்த வேலை எப்படியோ சுற்றி எங்களிடம் வந்தது. நாங்கள் நான்கு பேர். தலைவி பிந்து சேச்சி. ஆங்கிலச் சொல்லை எடுத்துப் பொருள் பொருளாகப் பிரித்து வைப்பது கோமதி. ஒவ்வொரு பொருளுக்கும் பிரெஞ்சு கொடுப்பது நான். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவது ஷிஜு. இதில் பிந்து சேச்சிக்கு ஒரு சட்டம் உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியம் எதுவானாலும், எங்கள் நால்வரில் ஒருவர் அண்மையில் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும். வாக்கியத்தைப் படித்துக் காட்டினால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நீ கண்டதாணோ?" என்று கேட்பார். கண்டேன் என்றால் ஏறும். காணவில்லை என்றால் குப்பைக்குப் போகும். உலகத்தில் வேறு எந்த அகராதியும் இப்படிச் செய்யப்படுவதாக எனக்குத் தெரியவில்லை. ஆரம்பத்தில் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். பிறகு அந்தப் பைத்தியம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

ட்ரா எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. படம் வரைவதும் ட்ரா, கிணற்றில் நீர் இறைப்பதும் ட்ரா, கூட்டத்தை ஈர்ப்பதும், வாளை உருவுவதும், மூச்சை இழுப்பதும், சீட்டுக் குலுக்கி எடுப்பதும் ட்ரா. தேயிலை வெந்நீரில் சாறு இறங்குவதற்கும் அதே சொல்தான். கோழியை அறுத்து வயிற்றைச் சுத்தம் செய்வதற்குக்கூட அதுதான் என்று கோமதி கண்டுபிடித்துச் சொன்னபோது, சுத்த சைவமான அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இப்படிக் கஞ்சத்தனம் செய்வதில்லை. படத்துக்கு தெஸினே, கிணற்றுக்கு ப்யுய்ஸே, கூட்டத்துக்கு அத்திரே, தேயிலைக்கு அன்ஃப்யுஸே, கோழிக்கு வீதே என்று ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள். எங்கள் வேலை, இவை ஒவ்வொன்றும் நடக்கும்போது போய்ப் பக்கத்தில் நிற்பது. கோழிக்கு நான் மணக்காட்டுக் கறிக்கடையில் நின்றேன். என் அறை அங்கேதான் இருக்கிறது, கடைக்காரர் தெரிந்தவர். கிணற்றுக்குக் கோமதியின் வீட்டுக்குப் போனோம். கிழக்கேகோட்டையில் கோயிலை ஒட்டிய அக்கிரகாரத் தெருவில் அவள் வீடு. மோட்டார் இருந்தும் அவள் அம்மா கயிறு போட்டுத்தான் இறைக்கிறார். மோட்டார் சத்தம் தலைவலி என்கிறார். தேயிலைக்குப் பொன்முடி மலையேறினோம். வளைவுக்கு வளைவு நான் வாந்தி எடுத்தேன். உச்சியில் ஒரு கடையில் தேயிலை நிறம் இறங்குவதை நால்வரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் கிளாஸில் பூச்சி விழுந்துவிட்டதோ என்று பயந்து வேறு டீ போட்டுக் கொடுத்தார்.

எனக்குக் காரைக்காலிலிருந்து இலவசமாக வந்த பொருள் ஒன்று உண்டு. சம்பளமோ பென்ஷனோ வாங்குவதும் ட்ரா. அதற்குப் பிரெஞ்சு தூஷே, அதாவது தொடுவது. எங்கள் தெருவில் எதிர்வீட்டில் ஒரு சொல்தா மாமா இருந்தார். பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்றுதான் சொல்வோம். மாதம் ஒருமுறை வெள்ளைப் பேண்ட்டை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்கு பஸ் ஏறுவார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், தூஷே செய்யப் போகிறேன் என்பார். பள்ளியில் எங்களுக்கு பிரெஞ்சு உண்டு. தூஷே என்றால் தொடுவது என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் அவ்வளவு தூரம் போய் எதையோ தொட்டுவிட்டு வருகிறார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். திரும்பி வரும்போது தெருவுக்கே கேக் வாங்கி வருவார். எதையோ தொட்டதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று ஆச்சரியமாக இருக்கும். இப்போது என் சம்பளம் வங்கியில் விழுந்த செய்தி கைப்பேசியில் வரும்போதெல்லாம் திரையை ஒருமுறை விரலால் தொட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.

இப்படிக் குதித்துக்கொண்டிருந்த நாளில்தான் பாரிஸிலிருந்து தகவல் வந்தது. அவர்கள் ஓர் இயந்திரத்தை வைத்து முழு அகராதியையும் செய்ய முடியுமா என்று பார்க்கிறார்களாம். முதல் சோதனைக்கு அந்த இயந்திரம் ட்ரா என்ற சொல்லைச் செய்து முடித்துவிட்டதாம். மதாம் க்ளேர் என்ற பதிப்பாசிரியர் நேரில் வந்து, எங்கள் ட்ராவையும் இயந்திரத்தின் ட்ராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு சொல்வார். எங்களுடையது தேறாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவார்கள். மற்ற மூவருக்கும் இதே கட்டடத்தில் வேறு ஏதாவது வேலை கொடுப்பார்கள். பிரெஞ்சு மட்டும் தெரிந்தவளுக்கு இந்த ஊரில் வேறு என்ன வேலை? சொல்லி வைத்தாற்போல அதே வாரம் காரைக்காலில் ஒரு பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை வேலை எனக்கென்று காத்திருப்பதாக உம்மா போனில் சொன்னார். ஓண விடுமுறை முடிந்ததும் பதில் சொல்லிவிட வேண்டும். உம்மாவின் குரலில் பிரியாணி வாசனையே வந்தது. ஒரே வருடம் என்று சொல்லிவிட்டு வந்தவள், அந்த ஒரே வருடத்தை இரண்டு முறை நீட்டிவிட்டேன். இனி நீட்ட எனக்கும் வார்த்தை இல்லை. இயந்திரம் ஜெயித்தால் வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி முடிவு செய்ததில் ஒரு நிம்மதிகூட இருந்தது என்று நினைத்தேன்.

எங்கள் ட்ராவில் ஒரே ஓர் ஓட்டை இருந்தது. ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாமல் சமனில் முடிவதற்கும் ட்ரா என்றுதானே சொல்கிறோம். பிரெஞ்சில் மாட்ச் நுல். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தப் பொருளுக்கு எங்களிடம் வாக்கியம் இல்லை, ஏனென்றால் எங்களில் யாரும் அண்மையில் ஓர் ஆட்டம் சமனில் முடிந்து பார்க்கவில்லை. ஷிஜு கைப்பேசியில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைக் காட்டினான். பிந்து சேச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போணில் கண்டது கண்டதல்ல" என்றுவிட்டார். ஷிஜு விடாமல் சாப்பாட்டு இடைவேளைகளில் கீழே காவலரோடு கேரம் ஆடிப் பார்த்தான். சமன் செய்யும் எண்ணத்தோடு ஆடியும் ஒவ்வொரு முறையும் தோற்றான். கோமதியும் நானும் சதுரங்கம் ஆடினோம். இருவருக்கும் சதுரங்கம் தெரியாது. அந்தக் காலியிடத்தோடே மதாம் க்ளேர் வரும் நாள் வந்துவிட்டது.

பாரிஸில் யாருக்கும் ஓணம் தெரியவில்லை. மதாம் க்ளேர் வருகிற தேதி எங்கள் அலுவலக ஓணக் கொண்டாட்டம் நடக்கும் அதே நாள். ஓண நாளில் இங்கே எந்த அலுவலகத்திலும் வேலை நடக்காது, நடக்க வேண்டும் என்று நினைப்பதே குற்றம். ஆண்கள் வேட்டி, பெண்கள் தங்கச் சரிகை போட்ட வெண்சேலை. எனக்குக் கோமதியின் அம்மா தன் சேலையைக் கொடுத்திருந்தார். காலையில் குழுவுக்குக் குழு பூக்கோலப் போட்டி. மதியம் வாழை இலையில் சத்யா எனும் பெருவிருந்து. நடுவில் வடம் இழுக்கும் போட்டி. எங்கள் குழுவின் பூக்கோலத்துக்குக் கோடு போடும் வேலையை பிந்து சேச்சி என் தலையில் கட்டினார். சேச்சி, நான் துலுக்க வீட்டுப் பெண், எங்கள் வாசலில் கோலமே கிடையாது என்று மன்றாடினேன். அவர் மிகவும் நியாயமான குரலில், "தமிழத்திக்கு கோலமிடான் அறியில்லே?" என்று கேட்டார். மீன் பை அம்மாவின் அதே தீர்ப்புதான். இதற்கு மேல் வழக்காட முடியவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கோலம். பள்ளியில் ரேவதி என்ற தோழி போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் வரிசை வரிசையாகப் புள்ளி, பிறகு அந்தப் புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகும் ஒரே கோடு. கூடத்தின் நடுவில் மண்டியிட்டுச் சாக்குக்கட்டியால் புள்ளிகளை வைத்து முடித்தேன். வரிசை பிசகாமல் வந்திருந்தது, எனக்கே கர்வமாக இருந்தது. கோட்டைத் தொடங்குவதற்குள் கீழிருந்து காவலர் கூப்பிட்டார். ஒரு மதாம் வந்து நிற்கிறார், என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை, பிரெஞ்சு அறிந்த ஆள் உடனே வர வேண்டும். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மதாம் க்ளேர் நெட்டையாக, கறுப்பு கோட்டில், குடையைச் சுருக்கத் தெரியாமல் நின்றிருந்தார். வரவேற்றேன். அவர் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தார். என் பிரெஞ்சு அவருடைய தாத்தாவின் பிரெஞ்சு மாதிரி இருக்கிறதாம். நீங்கள் இந்த ஊர்தானா என்று கேட்டார். நான் காரைக்கால் என்று தொடங்கி, அது புதுச்சேரி, ஆனால் ஒட்டாது என்று லிஃப்ட் முழுக்க விளக்கினேன். லிஃப்ட் கதவு திறந்துவிட்டது, அவருக்கும் புரியவில்லை.

உள்ளே போனால் என் குழு வரிசையாக நின்று பெருமையோடு வழிவிட்டது. நான் வைத்த ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு செவ்வந்திப் பூ. ஒன்றே ஒன்று, கவனமாக நடுவில். மலையாளிகளின் பூக்கோலத்தில் தரையில் குறி இருந்தால் அங்கே பூ வைக்க வேண்டும் என்றே பொருள். கோட்டுக்காக யாரும் புள்ளி வைப்பதில்லை. ஆணியும் நூலும் வைத்து ஷிஜு அதைச் சுற்றி ஒரு பெரிய வட்டமும் போட்டிருந்தான். "ஒற்றப் புள்ளி விட்டிட்டில்ல" என்றான் என்னிடம், ஒரு புள்ளிகூட விடாததற்குப் பாராட்டை எதிர்பார்த்து. ஒரு ராட்சதப் பணியாரச் சட்டி தரையில் கிடப்பதுபோல் இருந்தது. மற்ற குழுக்களின் கதகளி முகங்களுக்கும் மயில்களுக்கும் நடுவில் எங்களுடையதைச் சுற்றித்தான் கூட்டம். இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே படம் எடுத்தார்கள். மதாம் க்ளேரும் அதையே கேட்டார். நான் நடந்ததை அப்படியே சொன்னேன். புள்ளி வைத்தேன், கோடு போடுவதற்குள் நண்பர்கள் பூவால் மூடிவிட்டார்கள். சொல்லி முடித்ததும் அவர் எழுதிக்கொள்ளப் பையைத் திறந்து பேனாவைத் தேடினார், கிடைக்காமல் மூடிவிட்டார். நடுவர்கள் எங்களுக்கு எந்தப் பரிசும் தரவில்லை.

கூட்டம் நடத்தும் அறையில், வெளியே செண்டை அடிக்கிற சத்தத்துக்கு நடுவில், இரண்டு ட்ராக்களையும் அருகருகே திரையில் போட்டார்கள். இயந்திரத்தினுடையது சுத்தமாக இருந்தது. அவன் கிணற்றிலிருந்து நீர் இறைத்தான். அவள் ஒரு பூனையை வரைந்தாள். பிழையே இல்லை, பொய் சொல்லக்கூடாது. எங்களுடையதில் கோமதியின் அம்மா மோட்டார் சத்தம் பிடிக்காமல் கயிறு போட்டு இறைத்துக்கொண்டிருந்தார். மழையில் ஒரு பஸ் இருட்டாகிக்கொண்டிருந்தது. மதாம் க்ளேர் ஒவ்வொன்றையும் மெல்ல வாசித்தார். வாக்கியங்கள் நீளம் என்றார். என் பிரெஞ்சில் இரண்டு இடங்களில் இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை என்றார். பட்டியலின் கடைசிக்கு வந்து, காலியிடத்தில் விரலை வைத்தார். எல்லாரும் முதலில் தேடும் பொருளே இல்லையே என்று கேட்டார். பிந்து சேச்சி நிமிர்ந்து உட்கார்ந்து, யாரும் காணவில்லை, அதனால் எழுதவில்லை என்றார். நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். சொல்லும்போதே எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. மதாம் க்ளேர் திரையை அணைத்தார். முடிவை மாலையில், கிளம்பும் முன் சொல்வதாகச் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு விளங்கிவிட்டது. காரைக்காலுக்குப் பதில் எழுத வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் அப்போதே எழுதி முடித்துவிட்டேன்.

வடம் இழுக்கப் போக மனசில்லை. கோமதிதான் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். கட்டடத்தின் பின்புறத் திடலில், சாலை என்கிற கடைத்தெருவில் வாங்கிய தடிமனான கயிறு நீளமாகக் கிடந்தது. நடுவே செங்கல் பொடியால் எல்லைக்கோடு. எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம், ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், வரத்தர்கள் மறு பக்கம். வரத்தர் என்றால் வெளியூரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவர்கள், கேலிப் பெயர்தான். கோழிக்கோடு, திருச்சூர், கொல்லம் எல்லாம் வரத்தர் பக்கம். நான் கேட்காமலே அங்கே போய் நின்றேன். மதாம் க்ளேரையும் கோட்டைக் கழற்றச் சொல்லி எங்கள் பக்கம் முதல் ஆளாக நிறுத்திவிட்டார்கள். கோமதி எதிர்ப்பக்கம் நின்றாள். திருநெல்வேலியிலிருந்து கோயில் வேலைக்கு வந்த குடும்பம் எப்படி ஊர்க்காரர் ஆகும் என்று கேட்டேன்.

"நாங்க எப்போ வந்தோம்னு யாருக்குமே ஞாபகமில்லை, கேட்டியா. அது மறந்துபோயிடுத்துன்னா நாட்டுக்காரா ஆயிடலாம்" என்றாள்.

ஊர்க்காரர் பக்கம் ஓர் ஆள் குறைந்தது. நடுவர் மாவேலி மன்னர், அதாவது மகாபலி வேடத்தில் வயிற்றில் தலையணை கட்டிய கணக்குப் பிரிவு ஆள். அவர் கிரீடத்தைக் கழற்றி, வரத்தர்களின் பெயர்களை அதில் சீட்டாகப் போட்டுக் குலுக்கி எடுத்தார். என் பெயர் வந்தது. நான் காரைக்கால் என்றேன், வந்து மூன்றே வருடம்தான் என்றேன், நாளைக்கே போகப் போகிறவள் என்று சொல்ல வாயெடுத்து விழுங்கினேன். மாவேலி ஊதலை ஊதிவிட்டார். பிந்து சேச்சிக்கும் கோமதிக்கும் நடுவில் போய்க் கயிற்றைப் பிடித்தேன். எதிரில் மதாம் க்ளேரின் சிவந்த முகம். சுற்றி நின்றவர்கள் வலி, வலி என்று கத்தினார்கள். இழு என்பதற்கு மலையாளம் அதுதான். தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், என் உள்ளங்கைக்கு இரண்டு மொழியும் ஒன்றாகத்தான் இருந்தது.

கயிறு அசையவில்லை. ஒரு சாண் வரும், ஒரு சாண் போகும். போகிறவள் எதற்கு இப்படி உயிரைக் கொடுத்து இழுக்கிறாய் என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. அப்போதுதான், பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலைச் சேற்றில் ஊன்றியிருந்த அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது, எனக்குப் போகப் பிடிக்கவில்லை. இந்த இருட்டு பஸ், இந்தக் கிணறு, நெற்றியில் கண்ணாடி ஏற்றிக் கேட்கும் அந்தக் கேள்வி, எதையும் விட்டுப் போகப் பிடிக்கவில்லை. உம்மா என்றால் உயிர், காரைக்கால் என்றால் உயிர், ஆனாலும் பிடிக்கவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இழுத்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒருவர் வெளியே வந்து, வாயில் கையைக் குவித்து, "எல இட்டேய்" என்று கூவினார். இலை போட்டாயிற்று. முதல் பந்தியில் இடம் பிடிக்காவிட்டால் பாயசம் அடிமண்டிதான் கிடைக்கும் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில், மழைக்கு ஷட்டர் இறக்குவது போல யாரும் யாருக்கும் சொல்லாமல், கயிற்றை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. எனக்கு அது காதில் விழவில்லை, விழுந்திருந்தாலும் புரிந்திருக்காது. வரத்தர்கள் மொத்தமாக மல்லாந்து விழுந்தார்கள். கயிற்றின் மறுமுனையில் நான் ஒருத்தி மட்டும் தொங்கிக்கொண்டு, கோமதி அம்மாவின் வெண்சேலையோடு, குப்புற வழுக்கிப் போய் எல்லைக்கோட்டின் குறுக்கே நின்றேன். நின்றேன் என்பது மரியாதைக்கு. கிடந்தேன்.

பந்திக்கு ஓடிய ஊர்க்காரர்கள் பாதி வழியில் திரும்பி வந்து வழக்காடினார்கள். கயிற்றை விட்டவர் தோற்றார் என்றது ஒரு பக்கம். ஊர்க்காரர் பக்கத்து ஆள் ஒருத்தி இன்னும் விடவில்லையே, அவள் பாதி உடம்பு இன்னும் இந்தப் பக்கம்தானே கிடக்கிறது என்றது மறு பக்கம். மாவேலி குனிந்து என்னைச் சுற்றி வந்து பார்த்தார். தலையணை நழுவியது. பாயசம் ஆறிப்போகும் என்ற ஒரே கவலையில் அவர் இரண்டு கைகளையும் தூக்கி, ட்ரா என்று அறிவித்தார்.

பிந்து சேச்சி நெற்றியில் இல்லாத கண்ணாடியைத் தேடித் தடவிக்கொண்டு, "கண்டோ? எல்லாரும் கண்டோ?" என்று கேட்டார். எதிரே புல்லில் மல்லாந்து கிடந்த மதாம் க்ளேருக்கு மலையாளம் தெரியாது. ஆனால் ட்ரா என்பது காதில் விழுந்தது, பிந்து சேச்சியின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாட்ச் நுல் என்று மெல்லச் சொன்னார். அவருக்கு எழுந்திருக்க முடியாத அளவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். நான் கோட்டின் மேலும் அவர் புல்லின் மேலும் படுத்தபடி சிரித்துக்கொண்டிருக்க, ஷிஜு மட்டும் முதல் பந்திக்கு ஓடிப்போய் எங்கள் எல்லாருக்கும் இடம் பிடித்தான்.

"எலை போட்டாச்சுன்னு கேட்டப்புறம் யாராவது கயறு பிடிச்சுண்டு நிப்பாளாடி, பைத்தியம்" என்று கோமதி என் முழங்கையைத் துடைத்துவிட்டாள்.

மதாம் க்ளேர் இலையின் முன்னால் உட்கார்ந்து, பாயசத்தைக் கையால் சாப்பிடும் வித்தையில் தோற்றுக்கொண்டே முடிவைச் சொன்னார். இயந்திரம் போகாது. முதல் வரைவு இனி அதுதான் போடும், அது வேகமானது. ஆனால் எடுத்துக்காட்டு வாக்கியங்களும் சரிபார்ப்பும் ஒரு வருடத்துக்கு எங்களிடம் இருக்கும். காலையில் தரையில் பார்த்த அந்தப் பூப் புள்ளிகளை வரைதல் என்ற பொருளுக்குப் போடச் சொன்னார், பூனையை எடுத்துவிடலாமாம். வாக்கியங்களைச் சுருக்க வேண்டும், நான் என் பிரெஞ்சைப் புதுப்பிக்க வேண்டும். பாதி வெற்றிதான். பிந்து சேச்சிக்கு அதில் பாதி கோபம் இருந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் யாரும் கேட்காமலே மூன்றாம் முறை பாயசம் ஊற்றிக்கொண்டேன்.

அன்று மாலை அறைக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் உம்மாவுக்கு வீடியோவில் பேசினேன். பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று சொல்லத்தான். வார்த்தை வராமல் ஓணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உம்மா கதையைக் கேட்கவில்லை. என் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெண்சேலையின் நடுவே, இடுப்புக்குக் குறுக்காக, செங்கல் பொடியின் சிவப்புக் கோடு ஒன்று பட்டையாகப் படிந்திருந்தது. அது என்ன என்று கேட்டார். எல்லைக்கோடு என்றேன், அதன்மேல்தான் விழுந்து கிடந்தேன் என்றேன். பிறகு ஒரே மூச்சில், இன்னும் ஒரு வருடம் இருக்கப் போகிறேன் உம்மா என்று சொல்லிவிட்டேன். உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்புள்ள, கோட்டுல கெடந்தப்ப தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

யோசித்தேன். கயிற்றோடு போனது தலைதான். தலை வெளியூர்க்காரங்க பக்கம், கால் இந்த ஊர்க்காரங்க பக்கம் என்றேன்.

"அப்ப காலு அங்கனயே நிக்கட்டும். தலைய மட்டும் பெருநாளைக்குக் கொண்டாந்து காட்டிட்டுப் போ" என்றார் உம்மா.

மறுநாள் சேலையை ஊறவைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். சிவப்பு முழுதாகப் போகவில்லை. கோமதியின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் திருப்பி வாங்க மறுத்துவிட்டார், உனக்கே இருக்கட்டும் என்றார். பெருநாளைக்கு ஊருக்குப் போகும்போது அதைத்தான் கட்டிக்கொண்டு பஸ் ஏறப் போகிறேன். மடிப்பை எப்படி மாற்றிக் கட்டிப் பார்த்தாலும் அந்தக் கோடு சரியாக இடுப்பில்தான் வந்து நிற்கிறது.